பதில் சொல்லாத வீட்டம்மா

“பாத்துட்டாளா?” என்று அண்ணி கேட்டார்.

“பாத்துட்டாங்க” என்றேன்.

“எப்போ?”

“காலையில ஒன்பது பதினாலுக்கு.”

“பதில்?”

“இல்ல அண்ணி.”

“இதுக்கு முன்னாடி அனுப்பினது?”

“அதையும் பாத்துட்டாங்க. அதுக்கு முன்னாடி அனுப்பினதையும் பாத்துட்டாங்க.”

அண்ணி கையிலிருந்த வெங்காயத்தைப் பலகைமேல் வைத்தார். “மூணையும் பாத்துட்டு சும்மா இருக்கா. கண்ணு நல்லா வேலை செய்யுது, கைதான் செய்யல போல.”

“ஏதாவது வேலை இருந்திருக்கும்.”

“பதினோரு நாளாவா? உங்கண்ணன் ரிப்பேர் பண்ணற லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிறவங்ககூட ஒரு மணி நேரத்துல குரல் குடுத்துடறாங்க.”

“ஒரு நிமிஷத்துல குடுத்துடுவாங்க” என்று கூடத்திலிருந்து அண்ணன் திருத்தினார்.

“உங்களை யாரு கேட்டா?” என்றார் அண்ணி.

“நாலாவது ஒண்ணு எழுதட்டுமா?” என்று நான் கேட்டேன்.

“என்ன எழுதுவே? படி பாப்போம்.”

எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். “வணக்கம். சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு அழைக்கவுள்ள விருந்தினர்களின் பட்டியலை இன்று மாலைக்குள் அனுப்பினால் உதவியாக இருக்கும். நன்றி.”

அண்ணி வெங்காயத்தை மறுபடி கையில் எடுத்தார். “கரன்ட் பில் கட்டலைன்னா ஃபியூஸைப் புடுங்கிடுவோம்னு சொல்ற மாதிரி இருக்கு.”

“மரியாதையாத்தானே இருக்கு?”

“ரொம்ப மரியாதையா இருக்கு. அதான் பயமா இருக்கு. வேணாம் பாப்பா, போனைக் கீழ வை. நாளைக்கு நான் கண்ணு டெஸ்ட் பண்ணிக்கப் போறேன்.”

“கண்ணுக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. அவ வேலை பாக்கறது கண்ணாடிக்கடையில.”

என் அண்ணி டப்பா விற்பவர். காற்றுப் புகாத, தண்ணீர் ஒழுகாத, கீழே போட்டால் உடையாத டப்பாக்கள். அவை கடையில் கிடைக்காது. யாராவது ஒருவர் தன் வீட்டுக்குத் தெரிந்தவர்களைக் கூப்பிட வேண்டும். அண்ணி சக்கரம் வைத்த சிவப்புப் பையை உருட்டிக்கொண்டு அங்கே போய், டப்பாக்களைப் பரப்பி, பேசி, சிரிக்க வைத்து, ஆர்டர் எடுப்பார். அதற்கு டெமோ என்று பெயர். வீட்டைத் தருபவரைக் கம்பெனியில் ஹோஸ்ட் என்பார்கள். அண்ணி வீட்டம்மா என்பார்.

டப்பாவுக்கு முன்னால் அவர் ஒரு செருப்புக்கடையில் வேலை பார்த்தார். வாடிக்கையாளரின் நடையைப் பார்த்தே அளவைச் சொல்லிவிடுவார். அந்தக் கடை மூடியதும் ஒரு வருஷம் வீட்டிலேயே இருந்தார். அந்த ஒரு வருஷம் எங்கள் வீட்டில் எல்லோருக்குமே கஷ்டமான வருஷம். அவ்வளவாகப் பேச்சு வராத ஆள் நான். அண்ணன் வேலை முடிந்து வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அண்ணிக்குப் பேச ஆள் கிடைக்கவில்லை. கேஸ் கம்பெனிக்குப் புகார் சொல்ல போன் செய்தவர், புகார் தீர்ந்த பிறகும் அரைமணி நேரம் பேசி, எதிர்முனையிலிருந்த பெண்ணுக்கு வயிற்றுவலி என்று தெரிந்துகொண்டு, அதற்கு என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தார். மறுநாள் அவளுக்குச் சரியாகிவிட்டதா என்று கேட்க மீண்டும் அதே எண்ணுக்குப் போன் செய்தார். அன்றைக்கு எடுத்தது வேறு பெண். அவளிடமும் பேசினார்.

அப்படி இருந்தவர் ஒரு நாள் யாரோ கூப்பிட்டார்கள் என்று ஒரு டெமோவுக்குப் போனார். விற்க வந்த அம்மாவைவிட இவர்தான் அதிகம் பேசினார். வந்திருந்தவர்கள் இவரிடமே விலை கேட்க ஆரம்பித்தார்கள். அந்த அம்மா கோபப்படாமல் ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். படிவம் தமிழில் இல்லை. நான்தான் வரி வரியாகப் படித்துச் சொல்லி நிரப்பிக் கொடுத்தேன். அன்று முதல் கம்பெனியிலிருந்து வரும் காகிதம் எதுவானாலும் என்னிடம் வரும். நான் படிப்பேன், அண்ணி கேட்டுக்கொள்வார், பிறகு தன் மனதுக்குப் பட்டதைச் செய்வார்.

இந்தத் தொழிலில் டப்பா விற்பது சுலபம், வீட்டம்மாக்களைப் பிடித்து வைப்பதுதான் கஷ்டம். ஒரு டெமோவில் சிரித்துப் பேசி, அடுத்தது எங்கள் வீட்டில் என்று தேதி சொன்னவர்கள், வீட்டுக்குப் போனதும் கிணற்றில் போட்ட கல் மாதிரி ஆகிவிடுவார்கள். போன் எடுக்க மாட்டார்கள். செய்தி அனுப்பினால் நீல டிக் விழும், அதோடு சரி. அண்ணி இவர்களுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தார். ‘இன்னிக்கு-நாளைக்கு’ ஒருத்தி. ‘அவரைக் கேக்கணும்’ ஒருத்தி. ‘நெட்வொர்க் இல்ல’ ஒருத்தி, அவள் கணவன் போன் கம்பெனியில் வேலை பார்த்தான். ஆனால் யார்மேலும் அண்ணிக்குக் கோபம் கிடையாது. வெளியூர் போயிருக்கிறேன் என்று செய்தி அனுப்பிய ஒரு அம்மாவைக் காய்கறிக் கடையில் பார்த்துவிட்டார். பார்த்ததும் அண்ணிதான் முட்டைக்கோஸ் குவியலுக்குப் பின்னால் குனிந்து ஒளிந்துகொண்டார். ஏன் என்று கேட்டேன். “என்னைப் பாத்தா அந்தம்மா முகத்தை எங்க வச்சுக்கும், பாவம்” என்றார். அந்த அம்மா அடுத்த வாரம் ‘ஊரிலிருந்து திரும்பி வந்து’ டெமோ வைத்தார். பதினாலு பேர் வந்தார்கள்.

வீட்டம்மாக்கள் மறந்துவிடாமலிருக்க அண்ணி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். தேதி சொன்னதும் வீட்டம்மாவுக்குக் கம்பெனி ஒரு மஞ்சள் டப்பாவைப் பரிசாகக் கொடுக்கச் சொல்லும். அண்ணி டப்பாவை மட்டும் கொடுப்பார். மூடியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்வார். மூடி டெமோ அன்றைக்கு. “மூடியில்லாத டப்பாவைத் தூக்கிப் போடவும் மனசு வராது, எதையும் போட்டு வைக்கவும் முடியாது. அடுப்படியில கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கும். நான் போன் பண்ண வேண்டாம், டப்பாவே பண்ணிடும்” என்பார். பெரும்பாலும் பலித்தது. ஒரு வீட்டில் மட்டும் அதில் கற்றாழை வளர்த்துவிட்டார்கள்.

கண்ணாடிக்கடைப் பெண்ணிடமும் அப்படி ஒரு மஞ்சள் டப்பா இருந்தது. தன்னோடு வேலை பார்க்கும் ஒருத்தியின் வீட்டு டெமோவுக்கு வந்தவள் அவள். அண்ணி கேட்பதற்கு முன்பே, “அடுத்தது எங்க வீட்டுல வைங்கக்கா” என்று அவளாகவே சொன்னாள். தேதி, நேரம், முகவரி எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள். அப்படிப்பட்டவள்தான் பதினோரு நாளாகப் பேசவில்லை.

இந்த ஒரு டெமோ போனால் போகட்டும் என்று விட முடியாத நிலையில் அண்ணி இருந்தார். கம்பெனி புதிதாக ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. மூன்று மாதத்துக்குள் ஆறு டெமோ நடத்த வேண்டும். ஒவ்வொன்றிலும் குறைந்தது எட்டு விருந்தினர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிவப்புப் பையைக் கிடங்கில் திருப்பி ஒப்படைக்க வேண்டும். நான் இதைப் படித்துச் சொன்னபோது அண்ணி, “இன்னொரு தடவை படி” என்றார். இரண்டாவது தடவையும் அதுவேதான் இருந்தது. அந்த மூன்று மாதத்தில் இரண்டு வாரம் அவர் காய்ச்சலில் படுத்திருந்தார், இரண்டு வீட்டம்மாக்கள் கைவிட்டிருந்தார்கள். ஐந்து டெமோ முடிந்திருந்தது. சனிக்கிழமைதான் கடைசி நாள். பை போனால் மீண்டும் அந்தச் சுவரும், கேஸ் கம்பெனி எண்ணும்தான். அண்ணி அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பையை மட்டும் ஈரத்துணியால் துடைத்து, சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டார்.

மறுநாள் மாலை நானும் கூடப் போனேன். கண்ணாடிக்கடையில் நிரப்பித் தர வேண்டிய அட்டையும் தமிழில் இருக்காது என்பது அண்ணி சொன்ன காரணம். உள்ளே நுழைந்ததும் கண்ணாடிக்கடைப் பெண் எங்களைப் பார்த்துவிட்டாள். சட்டென்று குனிந்து, ஏற்கெனவே பளபளவென்று இருந்த ஒரு கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். அண்ணி அவள் பக்கமே திரும்பாமல் நேராகப் பரிசோதனை அறைக்குள் போனார்.

பரிசோதிப்பவர் சுவரிலிருந்த எழுத்துப் பலகையைக் காட்டினார். அண்ணி மேல் வரிகளைச் சரளமாகப் படித்தார். பிறகு கையில் ஒரு சின்ன அட்டையைக் கொடுத்து, பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னார். அண்ணி அட்டையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். இன்னும் கொஞ்சம் தள்ளினார். கை முழுதாக நீண்டுவிட்டது.

“இன்னும் தள்ளணும்னா நான் எழுந்து போய்ப் பிடிச்சுக்கவா?” என்றார் பரிசோதிப்பவர்.

“அச்சு சரியில்லங்க இது” என்றார் அண்ணி.

“அச்சு சரியாத்தான் இருக்கு. உங்களுக்குப் படிக்கறதுக்குக் கண்ணாடி வேணும்.”

வெளியே வரும்போது அண்ணி என் காதில், “நடிக்க வந்த இடத்துல நிஜமாப் போச்சே பாப்பா” என்றார்.

ஃப்ரேம் பார்த்துத் தருவது கண்ணாடிக்கடைப் பெண்ணின் வேலை. இப்போது அவளால் ஒளிய முடியவில்லை. மேஜைக்கு இந்தப் பக்கம் அண்ணி, அந்தப் பக்கம் அவள். இரண்டு கண்களுக்கும் நடுவிலான தூரத்தை அளக்க ஒரு சின்ன அளவுகோலை எடுத்து அண்ணியின் மூக்குமேல் வைத்தாள்.

“நேரா என்னையே பாருங்க” என்றாள், குரல் எழும்பாமல்.

“பாத்துக்கிட்டுத்தானேம்மா இருக்கேன், பன்னெண்டு நாளா.”

அளவுகோல் மூக்கிலிருந்து வழுக்கியது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்து விட்டாள்.

“தப்பா எடுத்துக்காதீங்கக்கா” என்றாள். “பட்டியல் கேட்டீங்க. பத்துப் பேர். தினமும் எழுத உக்காருவேன். கூட வேலை பாக்கறவங்க ரெண்டு பேர், அவங்களும் உங்க டெமோவுக்கு ஏற்கெனவே வந்தவங்க. அதுக்கப்புறம் மூணாவது பேர் வராது. அவரு லாரி ஓட்டறாரு, மாசத்துக்கு நாலு நாள்தான் வீட்டுல இருப்பாரு. இந்த வீட்டுக்கு வந்து ஏழு மாசம் ஆச்சு. எனக்கு இங்க யாரையும் தெரியாது.”

“அப்போ ஏம்மா வைக்கறேன்னே?”

“நாலு பேர் வீட்டுக்கு வந்து உக்காந்து பேசினா நல்லா இருக்கும்னு தோணுச்சு. முடியாதுன்னு எழுதலாம்னு போனை எடுப்பேன். எழுதிட்டா அதுவும் போயிடுமேன்னு வச்சுடுவேன்.”

பட்டியல் கேட்டு மூன்று முறை எழுதியது நான். மூன்றிலும் ‘விருந்தினர்’ என்ற சொல் இருந்தது. நான் சுவரில் மாட்டியிருந்த ஃப்ரேம்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

 அண்ணி வழுக்கி விழுந்த அளவுகோலை எடுத்து அவள் கையில் கொடுத்தார். பிறகு, “உங்க பில்டிங்ல எத்தனை வீடு?” என்று கேட்டார்.

“மாடிக்கு நாலு. ஆறு மாடி.”

“உன்னை விட்டா இருபத்துமூணு. அதுல ஒருத்தரைக்கூடத் தெரியாதா?”

“லிஃப்டுல பாத்தா தலையாட்டுவாங்க.”

“தலையாட்டறவங்களுக்கு வாயும் இருக்கும். கூப்பிட்டா வருவாங்க.”

“பேர்கூடத் தெரியாம எப்படிக்கா கூப்பிடறது?”

“பேரை வச்சு யாரு கூப்பிடறா? டப்பாவை வச்சுக் கூப்பிடுவோம்” என்றார் அண்ணி. பிறகு குரலைத் தாழ்த்தி, “உனக்கு இஷ்டமா, சொல்லு. இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடு, எனக்கு ஒண்ணுமில்ல. உன் மூடியை நாளைக்கே கொண்டு வந்து குடுத்துடறேன்.”

“வைக்கலாம்க்கா” என்றாள் அவள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, “உங்களுக்கு இந்த ஃப்ரேம் வேண்டாம், முகம் இன்னும் வட்டமாத் தெரியும்” என்றும் சொன்னாள்.

கண்ணாடி திங்கட்கிழமைதான் தயாராகும் என்றார்கள். பஸ் நிறுத்தத்தில் நான் கேட்டேன். “பையைத் திருப்பிக் கேக்கறாங்கன்னு அவங்ககிட்ட சொல்லலையே, ஏன்?”

“சொன்னா பாவம் பாத்து வைப்பா. பாவம் பாத்து வைக்கற வீட்டுல சோபாவுல உக்காந்தாக்கூட முள்ளு குத்தும்.”

வியாழக்கிழமை மாலை அண்ணி பீரோவின் மேலிருந்து ஒரு மூட்டையை இறக்கினார். பரிசாகக் கொடுக்க வைத்திருந்த சின்ன வட்ட டப்பாக்கள் அதில் இருபது இருந்தன. மூடிகளைக் கழற்றி ஒரு பக்கம், டப்பாக்களை ஒரு பக்கம் குவித்தார். கம்பெனி நடுவில் ஒரு முறை டப்பா வார்க்கும் அச்சை மாற்றியிருந்தது. பழைய டப்பாவுக்கும் புதிய டப்பாவுக்கும் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அடியில் பொடியாக ஒரு எண் மட்டும் இருக்கும்.

“எல்லாம் ஒரே அச்சுதானான்னு நான் ஒரு தடவை பாக்கட்டுமா?” என்று கேட்டேன்.

“பாப்பா, கண்ணைக் கட்டி விட்டாக்கூட நான் இதைப் பிரிப்பேன். எல்லாம் புதுசுதான். எடு, நேரமாச்சு.”

எடுத்தேன்.

ஆறாவது மாடியிலிருந்து இறங்கிக்கொண்டே வந்தோம். அண்ணி மணியை அடிப்பார். கதவு திறந்ததும் டப்பாவைக் கையில் கொடுத்துவிடுவார். “இது உங்களுக்கு. இதோட மூடி அஞ்சாம் மாடியில இருக்கு. சனிக்கிழமை நாலு மணிக்கு வந்தா போட்டுத் தருவோம். இவங்கதான் அந்த வீட்டுக்காரங்க.” கண்ணாடிக்கடைப் பெண் பக்கத்தில் நின்று, லிஃப்டில் செய்வதுபோலத் தலையை ஆட்டினாள்.

ஆறாவது மாடியில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் டப்பாவைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். “மூடியைக் குடுத்துட்டு டப்பாவுக்கு வரச் சொன்னா வந்திருக்க மாட்டேன். இதுக்கு வரணும்” என்றார். நாலாவது மாடியில் கதவைத் திறந்த டீச்சரின் விரலெல்லாம் சிவப்பு மை. தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டிருந்த ஓர் இளைஞன், உஷ் என்று சைகை காட்டிவிட்டு டப்பாவை வாங்கிக்கொண்டான். மூன்றாவது மாடியில் அண்ணிக்கு இருமல் வந்துவிட்டது. கதவு திறந்துவிட்டது, உள்ளேயிருந்த அம்மா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்க்கிறார். அப்போது கண்ணாடிக்கடைப் பெண் ஓர் அடி முன்னால் வைத்து, “இது உங்களுக்கு. மூடி எங்க வீட்டுல இருக்கு” என்றாள். அதற்குப் பிறகு இருந்த வீடுகளில் அண்ணி இருமிக்கொண்டேதான் இருந்தார். இருமல் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

பதினெட்டு வீட்டில் கதவு திறந்தது.

சனிக்கிழமை நாலு மணிக்கு அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். ஒரு சோபா, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, தரையில் விரித்த இரண்டு பெட்ஷீட். ஜன்னல் கண்ணாடியை அவள் அப்படித் துடைத்திருந்தாள், அங்கே கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. மேஜைமேல் சிவப்புப் பையின் டப்பாக்கள் எல்லாம் உயரவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. நாலு பத்துக்கு அண்ணி அவற்றைக் கலைத்து நிறவாரியாக அடுக்கினார். நாலு பதினைந்துக்கு மீண்டும் உயரவாரியாக மாற்றினார். கையெழுத்துத் தாள் என் மடியில் இருந்தது. அதில் எட்டாவது கோட்டுக்குப் பக்கத்தில் நான் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்திருந்தேன்.

நாலு இருபதுக்குத் தபால்காரர் வந்தார். “நாலு மணின்னா நாலரைக்குத்தான் ஆரம்பிப்பாங்கன்னு சீக்கிரமே வந்துட்டேன்” என்றார். அவருக்குப் பின்னால் டீச்சர். அவருக்குப் பின்னால் குழந்தையோடு இளைஞன். கையில் ஆளுக்கொரு வாய் பிளந்த டப்பா. லிஃப்டின் கதவு திறந்து திறந்து மூடியது. அண்ணி ஒவ்வொருவருக்கும் குவியலிலிருந்து ஒரு மூடியை எடுத்து அமுக்கிப் போட்டுக் கொடுத்தார். கண்ணாடிக்கடைப் பெண் டீ கொடுத்தாள். எட்டுப் பேர் ஆயிற்று. நான் புள்ளியைத் தாண்டியதும் அண்ணியைப் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. பேச ஆரம்பித்திருந்தார்.

அண்ணியின் டெமோவில் உச்சக்கட்டம் ஒன்று உண்டு. டப்பாவில் தண்ணீர் நிரப்பி, மூடி, யார் தலைக்கு மேலாவது தலைகீழாகப் பிடிப்பார். எல்லோரும் அலறுவார்கள். ஒரு சொட்டு விழாது. அன்று வீட்டம்மா புதியவள் என்பதால் தன் தலைக்கு மேலேயே பிடித்துக்கொண்டார். டப்பா தபால்காரருடையது.

“பாருங்க, இதுக்குள்ள இருக்கற தண்ணி என் அனுமதி இல்லாம வெளிய வராது” என்றார்.

மொத்தமும் வந்தது.

மூடி தரையில் உருண்டு போய் டீச்சரின் காலடியில் நின்றது. அண்ணியின் தலைமுடியிலிருந்து மூக்கு நுனிக்கு, அங்கிருந்து தாடைக்குத் தண்ணீர் சொட்டியது.  இளைஞனின் தோளிலிருந்த குழந்தை விழித்து எழுந்து சிரித்தது.

அண்ணி முகத்தைத் துடைக்காமலேயே சொன்னார். “தப்பான மூடியைப் போட்டா என்ன ஆகும்னு இப்போ காட்டினேன். இனிமே சரியான மூடியைக் காட்டறேன்.”

சிரிப்பு அடங்கப் பல நிமிஷம் ஆனது. தபால்காரர் தன் டப்பாவின் அடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இதுல ரெண்டுன்னு போட்டிருக்கு, மூடியில மூணு. நாற்பது வருஷம் கடுதாசியைச் சரியான வீட்டுல குடுத்தவன் நான். மூடியைத் தப்பான வீட்டுல குடுத்துட்டீங்களேம்மா” என்றார்.

“இங்க காமிங்க, என்னுது மூணு” என்றார் டீச்சர்.

அதற்குப் பிறகு டெமோ அண்ணியின் கையில் இல்லை. டீச்சர் எழுந்து நின்று, இரண்டாம் எண்காரர்களை ஜன்னல் பக்கமும் மூன்றாம் எண்காரர்களைக் கதவுப் பக்கமும் போகச் சொன்னார். எல்லோரும் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி போனார்கள். சரியான மூடி விழுந்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அறை முழுக்க டக் டக் என்று கேட்டது. “நீங்க ரெண்டாம் மாடியா? அந்தப் பால்கனியில ரோஜா வச்சிருக்கறது நீங்களா?” என்று ஒரு குரல். “உங்க மிக்ஸி சத்தத்துலதாங்க நாங்க தினமும் எழுந்திருக்கறோம்” என்று இன்னொரு குரல், அதற்கு மன்னிப்பும், பரவாயில்லையும். யாருக்கும் கொடுக்காத இரண்டு டப்பாக்களுக்கும் போட்டது போக, கடைசியில் மூன்று மூடிகள் மிஞ்சின. வராத வீடுகள் எவை என்று பார்த்து, இளைஞன் குழந்தையைத் தபால்காரரிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போய் அவர்களையும் டப்பாவோடு கூட்டி வந்தான்.

நான் தாளை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனேன். பத்தொன்பது கையெழுத்து. அத்தனை பேரிடம் ஒரே மாலையில் பேசியது எனக்கு அதுதான் முதல் தடவை. ஆர்டரும் கொஞ்சம் கிடைத்தது. டீச்சர் மதிய உணவு டப்பா கேட்டார், தபால்காரர் மூக்குக்கண்ணாடி வைக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். எல்லோரும் போவதற்கு ஏழு மணி ஆயிற்று. போகும்போது கண்ணாடிக்கடைப் பெண்ணிடம் வாசலில் நின்று இன்னொரு பத்து நிமிஷம் பேசினார்கள். அண்ணி ஈரத் தலையோடு சோபாவில் உட்கார்ந்து, ஆறிப்போன டீயைக் குடித்தார். நான் தாளைப் புகைப்படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் பதில் வந்தது.

“என்ன சொல்றாங்க?” என்று கேட்டார்.

“கிடைச்சுதாம். பை உங்ககிட்டயே இருக்கலாமாம்.”

“இன்னொரு தடவை படி.”

படித்தேன். அவர் எழுந்து போய்ப் பையின் ஜிப்பை மூடினார். திறந்தார். மீண்டும் மூடினார்.

திங்கட்கிழமை கண்ணாடி வந்தது. அதைப் போட்டுக்கொண்டு வீட்டிலிருந்த எல்லா டப்பாக்களின் அடியையும் படித்தார். பிறகு அண்ணன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்து, “நீங்க இப்படித்தான் இருப்பீங்களா?” என்றார். அண்ணன், “கழட்டிடு” என்றார்.

நான் அடுத்த வருஷம் வேலைக்காக வேறு நகரத்துக்குப் போனேன். அங்கே காகிதங்களை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றும் அலுவலகம். யாரும் யாரோடும் பேச அவசியமில்லாத இடம், எனக்குப் பிடித்திருந்தது. இரண்டாம் மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டேன். அண்ணி ஞாயிறுதோறும் போன் செய்வார். அவர் பேசுவார், நான் ம் சொல்வேன். யார் யார் டெமோ வைத்தார்கள், எந்த வீட்டம்மா பதில் போடவில்லை, எப்படிப் பிடித்தார் என்றெல்லாம் சொல்வார். கண்ணாடிக்கடைப் பெண் வீட்டில் மாதம் ஒரு முறை அந்த பில்டிங்கே கூடுகிறதாம், டப்பா இல்லாமலேயே.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தவர், நடுவில் நிறுத்தினார்.

“பாப்பா, இந்த மூணு மாசத்துக்கு அஞ்சு முடிஞ்சுது” என்றார்.

“ம்.”

“ஆறாவதை உன் ரூம்ல வச்சுக்கலாமா?”

நான் ம்கூடச் சொல்லவில்லை.

“பாத்தியா, நீயும் வீட்டம்மா ஆயிட்டே, பேச்சையே காணோம்” என்று சிரித்தார். பிறகு, செருப்புக்கடையில் வேலை பார்த்த நாட்களில் யாருக்காவது புதுச் செருப்பை மாட்டிவிடும்போது பேசுவாரே, அந்தக் குரலில் சொன்னார். “நாற்காலி இல்லைன்னாலும் பரவாயில்ல. பட்டியலும் வேணாம். நான் வெள்ளிக்கிழமையே பஸ் ஏறிடறேன். எனக்காக ஒண்ணே ஒண்ணு மட்டும் பண்ணு. நான் வர்றதுக்கு முன்னாடி, உன் பக்கத்து ரூம் கதவை மட்டும் நீ ஒரு தடவை தட்டிடு. மத்த கதவையெல்லாம் வந்து நான் பாத்துக்கறேன்.”